ஏர்போர்ட் வண்டியும் மடியில் குழந்தையும்

வெளிநாட்டுல இருக்கிற நம்ம மக்கள் ஊருக்கு வர்றதுக்கு எப்படித் திட்டம் போடறாங்கன்னு பல வருஷமா கவனிச்சுட்டு வர்றேன். டிக்கெட் விலை எப்ப குறையும்னு மூணு மாசம் ராத்திரி தூங்காம பார்க்கறாங்க. எந்த ஏர்லைன்ஸ்ல எத்தனை கிலோன்னு எக்செல் ஷீட் போடறாங்க. கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டற சீட்டு, பெரியவனுக்கு ஜன்னலோரம், எல்லாம் கேட்டு வாங்கிடறாங்க. ஆனா சென்னையில இறங்கி செங்கம் வந்து சேர்ற 200 கிலோமீட்டருக்கு? "மாமா, ஒரு வண்டி சொல்லிடுங்க." அவ்ளோதான். அதுவும் கிளம்பறதுக்கு முதல் நாள்.

அந்த மாமா நான்தான் :-)

எங்க சொந்தத்துல சிங்கப்பூர், துபாய், அமெரிக்கான்னு யார் போனாலும் வந்தாலும் வண்டி ஏற்பாடு என் தலையில. தங்கமணி கூட "ஒரு டிராவல்ஸ் போர்டு மாட்டிடுங்க, நாலு காசாவது வரும்"னு கிண்டல் பண்ணுவாங்க. அந்த அனுபவத்துல சொல்றேன். பிளேன்ல பறக்கற நாலு மணி நேரத்தை விட, தரையில போற அந்த அஞ்சு மணி நேரம்தான் குழந்தைங்களுக்கு ஆபத்தான நேரம். நாம யோசனையே பண்ணாம விடறதும் அந்த அஞ்சு மணி நேரத்தைத்தான்.

முதல்ல எங்க ஊர் எங்க இருக்குன்னு சொல்லிடறேன். ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செய்யாத்தங்கரையில இருக்கு செங்கம். ரயில் கிடையாது. பக்கத்து ஸ்டேஷன் 35 கிலோமீட்டர் தள்ளி திருவண்ணாமலையில. ஏர்போர்ட்டுன்னா ரெண்டு இருக்கு, ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். கிழக்கே போனா திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் தாண்டி மீனம்பாக்கம். மேற்கே போனா சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா பெங்களூரு. ஆனா 2008 மே மாசம் பெங்களூரு ஏர்போர்ட் தேவனஹள்ளிக்குப் போனதுலேர்ந்து, நாம ஊருக்குத் தெற்கே நுழைஞ்சு வடக்கே வெளிய வரணும். சில்க் போர்டு ஜங்ஷன்ல சாயங்காலம் மாட்டியிருக்கீங்களா? கிருஷ்ணகிரியிலேர்ந்து பெங்களூரு எல்லை வரைக்கும் ஆகற நேரம் ஊருக்குள்ளேயே ஆகும். வண்டியில ரெண்டு வயசுக் குழந்தை அழுதுட்டு இருந்தா அது இன்னும் நீளம்.

இந்தக் கிருஷ்ணகிரி - திண்டிவனம் ரோடு (இப்ப தேசிய நெடுஞ்சாலை 77) பத்தியும் சொல்லணும். அகலப்படுத்தற வேலையை வருஷக்கணக்கா இழுத்தடிச்சாங்க. 2023 அக்டோபர் மாசம் ஒண்ணுலயே செங்கம் பக்கத்துல ரெண்டு பெரிய விபத்து. முதல்ல காரும் லாரியும் மோதி 7 பேர். அந்தப் பேச்சு அடங்கறதுக்குள்ள டாடா சுமோவும் அரசு பஸ்ஸும் மோதி இன்னொரு 7 பேர். அவங்க யாரும் ஏர்போர்ட் போறவங்க இல்ல. ஆனா ரோடு ஒண்ணுதான். நம்ம வண்டி ராத்திரி ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் போய் வர்றது அதே ரோட்லதான்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

என்னை ரொம்ப உறுத்தற விஷயம் இது. சிங்கப்பூர்ல 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழ இருக்கற குழந்தையை அதுக்கான இருக்கையில கட்டாம கார்ல கூட்டிட்டுப் போகக் கூடாது. துபாய்ல நாலு வயசு வரைக்கும் குழந்தை இருக்கை கட்டாயம், இல்லன்னா 400 திர்ஹம் அபராதம். கலிஃபோர்னியாவுல எட்டு வயசு வரைக்கும் பின் சீட்டுல, கார் சீட்டோ பூஸ்டரோ போட்டுத்தான் உட்கார வைக்கணும். பிரிட்டன்ல 12 வயசு, இல்லன்னா 135 சென்டிமீட்டர். இந்த ஊர்கள்ல இருக்கற நம்ம ஆளுங்க இதையெல்லாம் ஒழுங்கா பண்றவங்கதான். பக்கத்துத் தெருக் கடைக்குப் போனாலும் குழந்தையை சீட்டுல உட்கார வெச்சு, நாலு வாரையும் மாட்டி, இழுத்துப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுப்பாங்க.

அதே ஆளு, அதே குழந்தையோட மீனம்பாக்கத்துல இறங்கினதும் என்ன ஆகுது? முன் சீட்டுல அப்பா, அவர் மடியில பெரியவன். பின்னாடி அம்மா மடியில சின்னது. அதுக்கும் பின்னாடி வரவேற்க வந்த ஆயா, தாத்தா, சித்தப்பா, சித்தப்பா பையன். பெட்டி எல்லாம் கேரியர்ல. சிங்கப்பூர்ல 60-ல போனப்ப கட்டிப் போட்ட குழந்தையை, திண்டிவனம் ரோட்ல 100-ல போறப்ப அவிழ்த்து விடறோம். ஏன்னு கேட்டா, "இங்க யாரு மாமா கேக்கறாங்க"ங்கற பதில் வரும்.

யாரு கேக்கறாங்கன்னா சட்டம் கேக்குது. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 194பி-ன்னு ஒரு பிரிவு இருக்கு. 14 வயசு ஆகாத குழந்தையை பெல்ட்டோ, குழந்தைக்கான இருக்கையோ இல்லாம ஏத்திட்டுப் போனா 1,000 ரூபாய் அபராதம். 2019 செப்டம்பர் 1-லேர்ந்து அமல்ல இருக்கு. நம்ம ஊர் செக்போஸ்ட்டுல இதுக்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லங்கறது வேற விஷயம்.

சட்டத்தை விடுங்க. ஒரு சின்னக் கணக்கு போடலாம், பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அதாவது ஒரு நொடிக்கு 22 மீட்டர். எதிர்ல எதுலயோ மோதி நொடியில பத்துல ஒரு பங்கு நேரத்துல நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. அந்த நேரத்துல 10 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த எவ்வளவு பலம் வேணும்? 220 கிலோ மூட்டையைத் தூக்கற பலம். "நான் கெட்டியா பிடிச்சுக்குவேன்"னு சொல்ற எந்த அம்மாவாலயும், ஜிம்முக்குப் போற எந்த அப்பாவாலயும் அது முடியாது. பாசத்துல குறை இல்ல, கைக்கு அந்த பலம் கிடையாது. இன்னொண்ணு, அம்மாவும் பெல்ட் போடலன்னா அவங்க உடம்பே குழந்தை மேலதான் போய் விழும்.

பின் சீட்டுன்னா பத்திரம்னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரா பால்கர்ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தை ஞாபகம் இருக்கா? விலை உயர்ந்த கார்தான். முன்னாடி உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் பிழைச்சாங்க. பின்னாடி இருந்த ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. பின்னாடி இருந்தவங்க பெல்ட் போடலன்னு போலீஸ் சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் டிவியில எல்லாம் பின் சீட் பெல்ட் பத்தியே பேச்சு. அப்புறம் மறந்துட்டோம்.

"டாக்ஸில குழந்தை சீட்டுக்கு எங்க போறது?" நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல எந்த ஸ்டாண்டுலயும் அது கிடையாது. சீட்டே வேண்டாம், பின் சீட் பெல்ட் இருக்கான்னு பாருங்க. கம்பெனி குடுத்த பெல்ட் இருக்கும், ஆனா மாட்டற கொக்கி சீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடக்கும். புது வண்டி வாங்கின அன்னைக்கே கவர் போட்டு மூடியிருப்பாங்க. நான் இப்பல்லாம் வண்டி சொல்றப்ப ஒரே ஒரு கேள்வி கூடுதலா கேக்கறேன். "தம்பி, பின்னாடி மூணு பெல்ட்டும் வெளிய எடுத்து வெச்சிருப்பியா?" முதல் தடவை கேட்டப்ப எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. இப்ப ரெண்டு மூணு டிரைவருங்க நான் போன் பண்ணினாலே "எடுத்து வெச்சுட்டேண்ணே"ங்கறாங்க. செலவு? பிளேடால கவரைக் கொஞ்சம் கிழிக்கணும், அவ்ளோதான்.

குழந்தை இருக்கையை நீங்கதான் கொண்டு வரணும். பெரும்பாலான ஏர்லைன்ஸ்ல அதையும் தள்ளுவண்டியையும் தனிக் காசு இல்லாம ஏத்திக்குவாங்க, டிக்கெட் போடறப்பவே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. நாலு அஞ்சு வயசு தாண்டின பிள்ளைக்கு முதுகு இல்லாத பூஸ்டர் ஒண்ணு போதும்னா அது கைப்பையிலேயே அடங்கும். கைக்குழந்தைக்குப் பின்னோக்கி வைக்கற சீட்டு. அதை மட்டும் முன்னாடி டிரைவர் பக்கத்துல வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடிச்சா அது நேரா சீட்டோட முதுகைத்தான் அடிக்கும். 30 கிலோ பெட்டியில நமக்கு எத்தனை சென்ட் பாட்டில், எத்தனை சாக்லேட் டப்பா கொண்டு வர்றீங்க? மாமாவுக்கு சாக்லேட் இல்லாட்டி பரவால்ல, சீட்டைக் கொண்டு வாங்க.

அடுத்தது டிரைவர். இதை யாருமே பேச மாட்டேங்கறாங்க.

வெளிநாட்டு பிளேன் நிறைய நடு ராத்திரியிலதான் வந்து இறங்கும். டிரைவர் பகல் பூரா வேற சவாரி ஓட்டியிருப்பார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு செங்கத்துல கிளம்பி பத்து மணிக்கு ஏர்போர்ட் போய், கொசுக்கடியில வண்டிக்குள்ளயே சாய்ஞ்சிருப்பார். பிளேன் லேட், இமிக்ரேஷன் க்யூ, பெட்டி வரலன்னு எல்லாம் முடிஞ்சு நீங்க வெளிய வர்றப்ப மணி ரெண்டு. உடனே கிளம்பி, மனுஷனுக்குத் தூக்கம் அதிகமா தள்ளற 2-லேர்ந்து 5 மணி வரைக்கும் உள்ள நேரத்துல, அவர் உங்க ரெண்டு குழந்தையை வெச்சு ஓட்டறார். நீங்களும் அசந்து தூங்கிடறீங்க. பேச்சுக் கொடுக்கக் கூட ஆள் இல்ல.

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு சொல்லிட்டாங்க. ஆனா 2025 வரைக்கும் அமல்ல இருந்த அந்தச் சட்டம் அஞ்சு பேருக்குக் குறையாம வேலை செய்யற நிறுவனத்துக்குத்தான் பொருந்துச்சு. சொந்தமா ஒரு வண்டி வெச்சு, தானே ஓட்டி, மாசத் தவணை கட்டற எங்க ஊர் தம்பிக்கு எட்டு மணி நேரக் கணக்கை யாரு பார்ப்பா? அவரு "தூக்கம் வருது"ன்னு சொன்னா அடுத்த சவாரி வேற ஆளுக்குப் போயிடும். அதனால அவரு சொல்ல மாட்டார். நாமதான் கேக்கணும்.

என் கட்சி இதுதான். நடு ராத்திரி இறங்கினா, குழந்தைங்களோட அன்னைக்கே ஊருக்குக் கிளம்பாதீங்க. திரிசூலம், பல்லாவரம், தாம்பரம் பக்கம் ஒரு ரூம் போடுங்க. டிரைவருக்கும் ஒரு படுக்கை. விடிஞ்சு, குளிச்சு, இட்லி சாப்பிட்டுட்டு ஏழு மணிக்குக் கிளம்புங்க. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம். கூடுதலா ஆகற காசு, நீங்க டியூட்டி ஃப்ரீல செலவழிக்கறதை விடக் கம்மியாத்தான் இருக்கும். "அம்மா காத்திருப்பாங்க"ம்பீங்க. ரெண்டு வருஷமா காத்திருந்த அம்மா இன்னும் ஆறு மணி நேரம் காத்திருப்பாங்க. அவங்களுக்கு வேண்டியது பேரன் முழுசா வந்து சேர்றதுதான்.

அப்புறம் இந்த வழியனுப்பு விழா, வரவேற்பு விழா. தெரியும், சென்டிமென்ட். எங்க அப்பா காலத்துல ஊர்ல ஒருத்தர் வெளிநாடு போனா ஒரு வேனே போகும். இப்ப தெருவுக்கு ரெண்டு பேர் போறாங்க, வர்றாங்க. ஏர்போர்ட் உள்ள டிக்கெட் இல்லாதவங்களை விடறதும் இல்ல. வாசல்ல நின்னு கண்ணாடி வழியா கையாட்ட ஏழு பேர் எதுக்கு? இன்னோவாவுல ஏழு பேர் உட்காரலாம்னு கணக்கு போடறாங்க. ஏழு பேர் உட்கார்ந்தா பெட்டி எங்க போகும்? நாலு பேர் பெட்டியை வெச்சாலே கடைசி வரிசையை மடக்கணும். அந்த சித்தப்பாவுக்காகத்தான் குழந்தை மடிக்குப் போகுது. வீட்டு வாசல்ல ஆலம் சுத்தி வரவேற்கட்டும், அதுல என்ன குறைஞ்சுடும்?

வண்டி சொல்றப்ப இன்னும் நாலு விஷயம்.

1. மஞ்சள் போர்டு வண்டியா பாருங்க. தெரிஞ்ச பையன், வாடகை கம்மின்னு வெள்ளை போர்டுல போனா, ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல கேக்கறது "வாடகைக்கு ஓட்டினீங்களா?"ங்கறதுதான்.

2. எந்த வண்டின்னு பேரைச் சொன்னா மட்டும் பத்தாது. ஒரு தடவை பெரிய வண்டின்னு பேசி முடிச்சுட்டு, ஒரு டிராவல்ஸ்காரங்க சின்ன காரை அனுப்பினாங்க. டிக்கியைத் திறந்தா பாதிக்கு கேஸ் சிலிண்டர்! அதனால வண்டி நம்பர், டிக்கி போட்டோ ரெண்டையும் முதல் நாளே வாங்கிடுங்க.

3. பெங்களூரு போறதுன்னா டோல், டிரைவர் பேட்டா, கர்நாடகா பர்மிட் எல்லாம் சேர்த்தா, தனியான்னு முன்னாடியே பேசிடுங்க. அர்த்த ராத்திரியில அத்திப்பள்ளியில நின்னு பேரம் பேசற மாதிரி இருக்கக் கூடாது.

4. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி நம்ம காலண்டரையும் பாருங்க. பௌர்ணமி அன்னைக்குத் திருவண்ணாமலையைத் தாண்டறது எப்படின்னு கிரிவலம் போனவங்களுக்குத் தெரியும். கார்த்திகை தீபம்னா கேக்கவே வேண்டாம். அந்த நாள்ல போளூர், ஆரணி, காஞ்சிபுரம் வழியா சுத்திப் போயிடலாம். அதே மாதிரி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி ரோடு பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க.

அந்தப் பக்கம் போய் இறங்கற கதையும் கொஞ்சம் இருக்கு. இங்கேர்ந்து முதல் தடவை குழந்தைங்களோட போறவங்க "அங்க போய் ஏதாவது ஒரு டாக்ஸி பிடிச்சுக்கலாம்"னு இருக்காங்க. ஊருக்கு ஊர் ரூல் வேற. சிங்கப்பூர்ல டாக்ஸிக்குக் குழந்தை இருக்கையிலேர்ந்து விலக்கு உண்டு, ஆனா ஆப்ல கூப்பிடற தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. சீட் இல்லன்னா அந்த டிரைவர் ஏத்தாமப் போயிடலாம், அதுல அவர் தப்பு இல்ல. லண்டன்லயும் டாக்ஸிக்கு விலக்கு இருக்கு. மூணு வயசுக்கு மேல உள்ள குழந்தை பின் சீட்டுல பெரியவங்க பெல்ட்டைப் போட்டுக்கணும். இந்த விலக்கெல்லாம் டாக்ஸிக்காரர் எல்லா அளவு சீட்டையும் சுமக்க முடியாதுங்கறதுக்காகக் குடுத்தது. அந்த வண்டியில மோதினா அடிபடாதுன்னு அர்த்தம் இல்ல. முன்கூட்டியே சீட் உள்ள வண்டியா பதிவு பண்ணுங்க, இல்லன்னா ரயில்ல போங்க. சாங்கி ஏர்போர்ட்டுக்குள்ளயே 2002-லேர்ந்து எம்ஆர்டி ஓடுது. ரயில்ல தள்ளுவண்டியோட ஏறிட்டா மடியா, சீட்டாங்கற பிரச்சினையே கிடையாது.

நம்ம பக்கம் அந்த வசதி ஏன் இல்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம். மைசூர்லேர்ந்து பெங்களூரு ஏர்போர்ட்டுக்குக் கர்நாடக அரசு ஃப்ளைபஸ் விடுது. நம்ம திண்டிவனம் வழி பஸ் கிளாம்பாக்கத்தோட நின்னுடும். 2023 டிசம்பர் 30-ல திறந்த பெரிய பஸ் ஸ்டாண்டு, நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கேர்ந்து நாலு பெட்டி, ரெண்டு குழந்தையோட இன்னொரு வண்டி மாறணும். திருவண்ணாமலை மாவட்டத்துலேர்ந்து எத்தனை பேர் வெளிநாடு போறாங்க! ராத்திரி ஒண்ணு, பகல்ல ஒண்ணுன்னு நேரா ஏர்போர்ட் வாசலுக்கு ஒரு அரசு பஸ் விட்டா, இந்தத் தூங்கி வழியற ராத்திரி சவாரி பாதி குறையும். வேலை நேரம் பார்த்து மாத்தி விடற டிரைவரும் இருப்பார். கேக்க ஆள் இல்லாததால கிடைக்கலன்னுதான் நினைக்கறேன்.

வழி சொல்றது எங்க ஊருக்குப் புதுசு இல்ல. பத்துப்பாட்டுல வர்ற மலைபடுகடாம் எங்க ஊர் மன்னன் நன்னனைத் தேடி வர்ற கூத்தர்களுக்கு வழி சொல்ற பாட்டு. 583 அடி. நன்னன் புகழ் மட்டும் இல்ல, எங்க பன்றிக்குப் பொறி வெச்சிருக்காங்க, எங்க பாம்புப் புத்து, தினைப்புனத்துல எந்தப் பக்கத்துலேர்ந்து கவண்கல் பறந்து வரும், எங்க தங்கலாம், யார் சோறு போடுவாங்கன்னு எல்லாம் பெருங்கௌசிகனார் உட்கார்ந்து சொல்லியிருக்கார். பரிசு வாங்கப் போறவன் வழியிலேயே செத்துடக் கூடாதுங்கற அக்கறை. அந்த அக்கறையில பாதியை நாம வாட்ஸப்புல ஒரு மெசேஜா அனுப்பலாம். வண்டி நம்பர், பெல்ட் இருக்கா, டிரைவர் தூங்கினாரா, எங்க நிறுத்தி குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். நாலு வரி போதும்.

"பிள்ளையைக் கட்டிப் போட்டுக் கூட்டிட்டு வர்றானே, பாவம்"னு ஊர்ல ஆயா சொல்வாங்க. சொல்லட்டும். குழந்தையும் முதல் அரை மணி நேரம் கத்தும். செஞ்சிக் கோட்டைகிட்ட நிறுத்தி இறக்கி விட்டு, கொஞ்சம் ஓட விட்டு, திரும்ப உட்கார வைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கினா அதுங்க பழகிக்கும், பழகாதது நாமதான்.

இந்த லீவுக்கு வர்ற பதிவர்கள் யாராவது செங்கம், திருவண்ணாமலை பக்கம்னா சொல்லுங்க. பெல்ட்டை வெளிய எடுத்து வெச்சிருக்கற டிரைவருங்க யாருன்னு எனக்குத் தெரியும். உங்க ஊர்ல இதுக்கு என்ன பண்றீங்கன்னும் பின்னூட்டத்துல எழுதுங்க, நானும் கத்துக்கறேன்.

டிஸ்கி: சாக்லேட் வேண்டாம்னு சொன்னது எனக்கு மட்டும்தான். தங்கமணி அந்த வரியை எடுக்கச் சொல்லிட்டாங்க, நான் எடுக்கல :-)